நாய் விடுதிகள் நோயைச் சொல்லியாக வேண்டும்

பொங்கல், கோடை விடுமுறை, தீபாவளி முடிந்து குடும்பங்கள் ஊர் திரும்பும் நாட்களில் கால்நடை மருத்துவர்களிடம் ஒரே வகையான வழக்கு வந்து சேர்கிறது. போர்டிங்கில் விட்டுச் சென்ற நாய், வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளோ ஐந்தாம் நாளோ தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் இருமுகிறது. அல்லது சோற்றை முகர்ந்துவிட்டு விலகிப் படுக்கிறது. அல்லது வயிற்றால் போகிறது. வளர்ப்பவர் விடுதியைக் குற்றம் சொல்கிறார். விடுதிக்காரரோ, “எங்களிடம் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது, வரும்போதே நோயோடு வந்திருக்கும்” என்கிறார். இருவரும் மனமறிந்து பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்தச் சண்டை தீராது. தீர்ப்பதற்கு வேண்டிய தகவல் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. நோயே வராமல் பார்த்துக்கொள்ளும்படி விடுதியிடம் கேட்பதில் பயனில்லை. எந்த விடுதியாலும் அது முடியாது. ஒரு நாய்க்குத் தொற்று கண்டால், அதே நாட்களில் அங்கே தங்கிய மற்ற நாய்களின் வீட்டாருக்கு உடனே சொல்லியாக வேண்டும் என்ற கடமையை நாம் கேட்கலாம். அதைச் சட்டமாகவே கேட்க வேண்டும்.

பல வீட்டு நாய்கள் ஒரே கூரையின் கீழ் சேரும்போது கிருமிகளும் சேர்கின்றன. ‘கென்னல் காஃப்’ என்று மருத்துவர்கள் சொல்லும் இருமல் ஒரே கிருமியால் வருவதல்ல. போர்டெடெல்லா என்ற பாக்டீரியா, பாராஇன்ஃப்ளூயன்சா வைரஸ், அடினோவைரஸ் இரண்டாம் வகை ஆகியவை தனித்தும் கூட்டாகவும் அதை உண்டாக்குகின்றன. இருமும் நாய் காற்றில் தெளிக்கும் நுண்துளி போதும். தண்ணீர்க் கிண்ணம், கழுத்துப்பட்டை, பராமரிப்பவரின் கை வழியாகவும் தொற்றும். பழகிய வீடும் பழகிய முகமும் இல்லாத இடத்தில், இரவெல்லாம் மற்ற நாய்கள் குரைப்பதைக் கேட்டுக்கொண்டு கிடக்கும் நாயின் உடலில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் ஏறுகிறது. அது நீடித்தால் எதிர்ப்பாற்றல் தளர்கிறது. கிருமிக்கு வசதியான காலம் அதுதான். 2004 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரே இடத்தில் வளர்க்கப்பட்ட 22 பந்தய கிரேஹவுண்டு நாய்கள் நோயுற்றன. அவற்றில் 8 இறந்தன. குதிரைகளிடம் இருந்த எச்3என்8 இன்ஃப்ளூயன்சா நாய்களுக்குத் தாவியிருந்தது ஆய்வில் தெரிந்தது. 2015இல் சிகாகோ பகுதியில், ஆசியாவில் முன்பே இருந்த எச்3என்2 என்ற இன்னொரு வகை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைத் தாக்கியது; விடுதிகளும் பகல் காப்பகங்களும் சில காலம் கதவை அடைக்க வேண்டியதாயிற்று. புதிதாக வரும் வைரஸுக்கு எதிராக எந்த நாயிடமும் ஆற்றல் இருப்பதில்லை. தரையைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் விடுதியும் இதற்கு விலக்கல்ல. ஆகவே நோய் வந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து ஒரு விடுதியைக் கவனக்குறைவானது என்று முத்திரை குத்துவது நியாயமாகாது.

அப்படியானால் யார் சொல்வது சரி என்பதை எப்படி அறிவது? நோய் வெளிப்பட எடுத்துக்கொள்ளும் காலத்தைப் பார்க்கலாம். நாய் இன்ஃப்ளூயன்சா தொற்றிய இரண்டு முதல் நான்கு நாட்களில் தெரிந்துவிடும். கென்னல் காஃப் பெரும்பாலும் மூன்று முதல் பத்து நாட்கள். குட்டிகளைக் கொன்றுபோடும் பார்வோ மூன்று முதல் ஏழு நாட்கள். எலிக்காய்ச்சல் ஏறத்தாழ ஒரு வாரம், சில வேளை இரண்டு வாரம். உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா ஒன்றிலிருந்து மூன்று வாரம். வெள்ளிக்கிழமை விட்டு, திங்கட்கிழமை அழைத்துவந்த நாய்க்குச் செவ்வாயன்று உண்ணிக் காய்ச்சல் கண்டால் அதை விடுதியின் கணக்கில் எழுதுவது அநியாயம். அந்த உண்ணி அதற்கு முன்பே கடித்திருக்கிறது. அதே நாய் புதன்கிழமை இருமத் தொடங்கினால் விடுதியில் தொற்றியிருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் கிளம்புவதற்கு முந்தைய நாள் தெருமுனையில் இன்னொரு நாயோடு மூக்கை உரசியதிலிருந்தும் அது வந்திருக்கலாம். வெறும் வயிற்றுப்போக்கு என்றால் கிருமியே தேவையில்லை: உணவு மாறியதும், மனம் கலங்கியதும் போதும். சளி கலந்த இளக்கமான மலம் ஓரிரு நாளில் சரியாகிவிடும், அதற்காக யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. வாந்தியோடு ரத்தமும் போனால் கதை வேறு, அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும். ஆக, நாட்கணக்கு சில சாத்தியங்களை விலக்க உதவுகிறது, அவ்வளவுதான். வழக்கைத் தீர்க்கக்கூடிய சான்று ஒன்றே: அதே நாட்களில் அங்கே தங்கிய மற்ற நாய்களும் நோயுற்றனவா?

இந்தச் சான்று யார் கையில் இருக்கிறது என்று யோசித்தால்தான் பிரச்சினையின் உண்மையான வடிவம் தெரியும். வளர்ப்பவருக்குத் தன் நாயை மட்டுமே தெரியும். மருத்துவர் தன் மேசைக்கு வந்த நாயைப் பார்க்கிறார்; பக்கத்துக் கூண்டில் இருந்த நாய் வேளச்சேரியில் வேறொரு மருத்துவரிடமும், எதிர்க் கூண்டில் இருந்தது அண்ணா நகரில் இன்னொருவரிடமும் போயிருக்கும். எல்லா வீடுகளின் தொலைபேசி எண்ணும் இருக்கும் ஒரே இடம் அந்த விடுதி. முதல் வீட்டிலிருந்து புகார் வந்த அன்றே மற்றவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போனால், இன்னும் இருமத் தொடங்காத நாயை வீட்டோடு நிறுத்திவைக்கலாம். பக்கத்து வீட்டு வயதான நாயும், பூங்காவில் சந்திக்கும் குட்டியும் தப்பும். எர்லிக்கியாவைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் பெரும்பாலும் அடங்கிவிடும். விட்டுவிட்டால் சில நாய்களில் எலும்பு மஜ்ஜை வரை போய்விடும். பத்து நாட்கள் முன்கூட்டித் தெரிவது அந்த நாயின் உயிரைக் காக்கக்கூடும். விடுதிக்கு இதனால் ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இவ்வளவு எளிதான காரியம் நடக்காமல் இருப்பதற்குக் காரணம் பயம்தான்.

அந்தப் பயத்தை ஏளனம் செய்யக் கூடாது. உண்மையைச் சொல்லும் விடுதியின் பெயர் கெடும், மூடி மறைக்கும் விடுதி அடுத்த விடுமுறைக்கும் நிரம்பி வழியும் என்றால், சொல்லத் துணிபவர் எத்தனை பேர்? நேர்மையானவரைத் தண்டிக்கும் சந்தையில் நேர்மையை எதிர்பார்ப்பது வீண். அதனால்தான் இதை அவரவர் நல்ல மனதுக்கு விட்டுவிடக் கூடாது என்கிறேன். எல்லோருக்கும் ஒரே கட்டாயம் என்றாகிவிட்டால், நோய் வந்ததைச் சொல்வது அந்த விடுதிக்கு மட்டுமான களங்கமாக இராது. ஆண்டுக்கணக்கில் ஒரு தொற்றும் பதிவாகவில்லை என்று சொல்லும் பெரிய விடுதியைத்தான் அப்போது சந்தேகத்தோடு பார்ப்போம்.

தடுப்பூசிச் சான்று கேட்கிறோமே, அது போதாதா என்பார்கள். கேட்க வேண்டியதுதான், கேட்காத விடுதியில் நாயை விடவே கூடாது. ஆனால் ‘செவன் இன் ஒன்’ போட்ட அட்டையைக் காட்டினால் எல்லாக் கதவும் அடைபட்டதாக நினைப்பது தவறு. போர்டெடெல்லாவுக்கான தடுப்பூசி தனி. ஊசியாகப் போடும் வகையில் முதல் முறைக்கு இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். ரயிலேறுவதற்கு முந்தைய நாள் போட்டுக்கொண்டு வந்தால் அட்டையில் முத்திரை விழும், உடலில் பாதுகாப்பு இருக்காது. மூக்கில் விடும் வகை சில நாட்களிலேயே வேலை செய்யத் தொடங்கும். எதுவானாலும் அது நோயின் கடுமையைக் குறைக்குமே தவிர, தொற்றை முழுதாகத் தடுப்பதில்லை. குட்டிகளுக்குத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் தடுப்பூசியின் வேலையைக் கெடுத்துவிடும் என்பதால், கடைசித் தவணை 16 வார வயதிலோ அதற்குப் பிறகோ இருக்க வேண்டும் என்று உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. பத்து வாரக் குட்டியின் அட்டையில் இரண்டு முத்திரை இருந்தாலும் அது பார்வோவுக்கு இரையாகலாம். எர்லிக்கியாவுக்கோ சந்தையில் தடுப்பூசியே கிடையாது. அந்த நோயைச் சுமக்கும் பழுப்பு நாய் உண்ணி, மற்ற உண்ணிகளைப்போல் புல்வெளியை நம்பி வாழ்வதல்ல. கட்டடத்துக்குள்ளேயே முழு வாழ்க்கையையும் முடித்துக்கொள்ளக் கூடியது. சுவர் வெடிப்பில் ஒரு பெண் உண்ணி சில ஆயிரம் முட்டைகளை இடும். நாயின் மேல் மருந்து தடவிவிட்டுச் சுவரை விட்டுவிட்டால் ஒரு மாதத்தில் பழைய நிலைதான். கழுவும் விஷயத்திலும் இப்படியொரு நம்பிக்கை நம்மிடம் உண்டு: பினாயில் வாசம் வந்தால் சுத்தம். பார்வோ வைரஸுக்கு அந்த வாசம் ஒரு பொருட்டே அல்ல. மலத்தையும் அழுக்கையும் முதலில் கழுவித் தள்ளி, பிறகு ப்ளீச் கரைசலைப் பத்து நிமிடம் தரையில் நிற்க விட வேண்டும். இல்லையென்றால் அந்த வைரஸ் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும், அடுத்த குட்டி வரும்வரை.

சட்டம் என்ற பேச்சை எடுத்தாலே, வீட்டு மாடியில் நான்கு நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் பிழைப்பு போய்விடும் என்ற கவலை வருகிறது. மெய்யான கவலை. இத்தகைய சிறு இடங்களில் கூட்டம் குறைவு, ஆகவே தொற்றும் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. அவர்களை விரட்டிவிட்டு ஐம்பது கூண்டு வைத்திருப்பவருக்குச் சந்தையைத் தாரை வார்ப்பதில் எனக்கும் விருப்பமில்லை. ஆனால் நான் கேட்பது குளிர்சாதன அறையோ, பளிங்குத் தரையோ அல்ல. ஒரு பதிவேடு: எந்த நாய், எப்போது வந்தது, வந்த அன்று இருமல், உண்ணி, மலம் எப்படி, எப்போது போனது, யாருடையது. நோயுற்ற நாயைத் தனியே வைக்க ஓர் அறை. மற்றவர்களுக்குச் செய்தி. நான்கு நாய் வைத்திருப்பவருக்கு இது ஒரு நோட்டுப் புத்தகத்தில் அடங்கும். வீட்டில் தனி அறைக்கு இடமில்லையென்றால் பக்கத்து மருத்துவரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். இந்தப் பதிவேடு விடுதிக்காரருக்கும் பாதுகாப்பு. வந்த அன்றே உண்ணி இருந்தது என்று எழுதி, வளர்ப்பவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தால், பிறகு அவர்மேல் பழி விழாது.

இது புதுமையான யோசனையும் அல்ல. பிரிட்டன் 1963இலேயே விலங்கு விடுதிகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. வரும் விலங்கின் அடையாளம், வந்த நாள், போன நாள், உரிமையாளரின் பெயர், முகவரி ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவதையும், தொற்றைத் தடுக்கத் தனிமைப்படுத்தும் வசதியையும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அது கேட்டது. இங்கிலாந்தில் 2018இல் வந்த புதிய விதிகளின்கீழ் ஆய்வாளர் நேரில் பார்த்து ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தருகிறார். நன்றாக நடத்துபவருக்கு உரிமம் கூடுதல் ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. நம்மிடம் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் 2017இல் நாய் இனப்பெருக்க விதிகளும், 2018இல் செல்லப்பிராணிக் கடை விதிகளும் வந்தன. அவற்றின் பார்வை பெரிதும் இனப்பெருக்கத்தின் மீதும் விற்பனையின் மீதும்தான். பணம் கட்டி நாயை விட்டுச் செல்பவர் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று வழக்குத் தொடுக்கலாம், ஆனால் குறைபாட்டை நிறுவ வேண்டியவர் அவர்தான். சான்றோ எதிர்த்தரப்பின் தொலைபேசியில் இருக்கிறது. சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமம் கேட்கிறது, வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைப் பார்க்கிறது. வீட்டில் இருக்கும் ஒற்றை நாயைப் பதிவுசெய்யும் நிர்வாகம், அந்த நாய்கள் கூட்டமாகத் தங்கும் இடத்தைப் பதிவேடு வைக்கச் சொல்வது கடினமான காரியமல்ல.

தெருவில் மனிதர்கள் படுத்துறங்கும் ஊரில் நாய் விடுதிக்குச் சட்டமா என்று கேட்பவர்கள் எலிக்காய்ச்சலை நினைத்துப் பார்க்க வேண்டும். தீபாவளி விடுமுறை வருவது வடகிழக்குப் பருவமழை நேரத்தில். நாய்ச் சோறு சிந்திக் கிடக்கும் இடத்துக்கு எலி வரும். எலியின் சிறுநீர் மழைநீரில் கலக்கும். தேங்கிய நீரில் கால் வைத்த நாய்க்குத் தொற்றும். அந்த நாயின் சிறுநீரிலிருந்து மனிதருக்கும் தொற்றலாம். வெறுங்காலோடு கூண்டு கழுவும் கூலித் தொழிலாளிக்குத்தான் முதல் ஆபத்து. விடுதியில் ஒரு நாய்க்கு அந்த நோய் உறுதியானால் முதலில் தெரிய வேண்டியது அவருக்கு. அவருக்கு ரப்பர் பூட்ஸும் கையுறையும் வாங்கித் தருவதும் இந்தக் கோரிக்கைக்குள் அடங்கும்.

கடமை விடுதிக்கு மட்டும் உரியதல்ல. டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்பதற்காக, முந்தைய இரவு இருமிய நாயை வாயைத் திறக்காமல் கொண்டுவந்து விடுபவர் மற்ற இருபது வீடுகளுக்குத் தீங்கு செய்கிறார். வீட்டுக்குத் திரும்பியபின் நோய் கண்டால் மருத்துவரின் அறிக்கையை விடுதிக்கு அனுப்புவதும் அவர் பொறுப்பு. கோபத்தில் கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போடுவதோடு அது முடிந்துவிடுவதில்லை. விதியை எழுதும்போது இந்த இருவழித் தகவலுக்கு ஒரு கால எல்லை குறிக்க வேண்டியிருக்கும். ஒரு வாரம் என்று வைத்தால் இருமலும் பார்வோவும் ஏறக்குறைய அகப்படும், உண்ணிக் காய்ச்சல் தப்பிவிடும். நாய் விடுதியை விட்டுப் போன நாளிலிருந்து 21 நாட்கள் என்று வைப்பதே நம் ஊருக்குப் பொருந்தும்.