நாளையை எழுதுவது யார்?

சிறுவர் தொலைக்காட்சித் தொடர் என்றாலே முகஞ்சுளிப்போர் நம்மிடையே பலர். வண்ணக் கவசமும் இயந்திர மனிதனும் ஓயாச் சண்டையும் வெறும் பொம்மை வணிகமே என்று தீர்ப்பெழுதி விடுகின்றனர். வணிகம் உண்டு, மறுப்பார் யார்? ஆயின், தீர்ப்பெழுதுமுன் கதையைப் பார்த்தனரா?

ஜப்பானின் டோயெய் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் 'டைம்ரேஞ்சர்' தொடரை வழங்கியது. அதன் தலைமை எழுத்தாளர் யசுகோ கொபயாஷி என்னும் பெண்மணி. 3000ஆம் ஆண்டிலிருந்து குற்றவாளிகளைத் துரத்திவரும் நால்வர், 2000ஆம் ஆண்டின் இளைஞன் ஒருவனுடன் அணிசேர்கின்றனர். அணியை நடத்துபவள் ஒரு பெண். குற்றவாளியைக் கொல்வது அவர்கள் நோக்கமன்று. உறையவைத்துச் சிறைப்படுத்துவதே கடமை. செல்வந்தரின் மகனான அவ்விளைஞனோ தந்தை வகுத்த வாழ்வை ஏற்க மறுக்கிறான். முன்னரே எழுதப்பட்ட எதிர்காலத்தை மனிதன் மாற்றலாமா என்பதே தொடரின் உயிர்க்கேள்வி. 2001இல் அமெரிக்கர் இதன் சண்டைக் காட்சிகளைக் கொண்டு 'பவர் ரேஞ்சர்ஸ் டைம் ஃபோர்ஸ்' தொடரை ஆக்கியபோதும் அக்கேள்வியைக் கைவிடவில்லை.

எல்லாம் தலைவிதி என்று பிள்ளைகளின் காதில் ஓதும் நாம், விதியை எதிர்த்து வினவும் கதையைக் குப்பை என்பதா? பொம்மையை வாங்க மறுப்போம், தவறில்லை. பிள்ளையின் கேள்வியைப் பறிக்க நமக்கு உரிமையில்லை!