கணினிப் பக்கம்: பட்டியலில் இருந்தவர் பதிவேட்டில் எங்கே?



அமீரகத்திலும் ஏனைய வளைகுடா நாடுகளிலும் கந்தோர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் எம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எக்ஸெலில் எல்லாருடைய விபரமும் சரியாக இருந்தது. அதை அக்செஸுக்குள் ஏற்றினோம். இப்போது சிலருடைய அடையாள அட்டை எண்ணைக் காணவில்லை. சிலருடைய தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது. விசா முடியும் திகதி மாறி நிற்கிறது. மேலாளர் எங்களைத்தான் கேட்கிறார். பிழை எங்கே?"

பிழை பெரும்பாலும் தட்டச்சுச் செய்தவரிடம் இல்லை. ஒரு மென்பொருள் மற்றொன்றிடம் பட்டியலைக் கையளிக்கும் இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தை இம்முறை பார்ப்போம்.

ஓர் எண்ணில் என்ன இருக்கிறது?

வளைகுடாவின் ஆறு நாடுகளும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேராதவை. இங்கே எம்மை நிறுத்தி வைத்திருப்பது வதிவிட விசாவும் அதனோடு வரும் எண்களுமே. அமீரகத்தில் 2009ஆம் ஆண்டு தொடங்கிய சம்பளப் பாதுகாப்பு முறையின்படி, தனியார் நிறுவனங்கள் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதிய கோப்பை வங்கி வழியாக அனுப்புகின்றன. அந்த வரியில் தொழிலாளரின் 14 இலக்க எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்க வேண்டும். எண் பிழைத்தால் அந்த வரி திரும்பி வரக்கூடும். வரி திரும்பினால், ஊரில் காசுக்குக் காத்திருக்கும் ஒரு வீட்டில் அந்த மாதம் தடுமாறும்.

மூத்தவர்களுக்கு 1990 ஓகஸ்ட் நினைவிருக்கும். ஈராக் குவைத்தைப் பிடித்தபோது, உடுத்த உடுப்போடு வெளியேறியவர்களில் இலங்கையரும் இந்தியரும் ஏராளம். 1991இல் அமைக்கப்பட்ட ஐ.நா. நட்டஈட்டு ஆணைக்குழு, அப்படி வெளியேறிய தனிநபருக்கு 2,500 டொலர், குடும்பத்துக்கு 5,000 டொலர் என நிலையான தொகை வகுத்தது. வேறு வகையில் கோருவதில்லை என்று உடன்பட்டவர்களுக்கு அது 4,000, 8,000 என உயர்ந்தது. இந்த வகையில் மட்டும் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் பல நாட்டு அரசுகளிடமிருந்து வந்தன. இத்தனையையும் ஆளை ஆள் அழைத்து விசாரிப்பது நடக்கக்கூடிய காரியமா? கணினியில் ஏற்றி, வெளியேறியோர் பற்றிய பதிவுகளுடன் ஒப்பிட்டார்கள். ஒரு பட்டியலின் பெயரும் எண்ணும் மற்றப் பட்டியலோடு பொருந்துகின்றனவா என்பதில் ஒரு குடும்பத்தின் காசு தங்கியிருந்தது. ஆகவே இது சின்ன விடயம் அல்ல.

எக்ஸெல் கொப்பி, அக்செஸ் பதிவேடு

எக்ஸெல் ஒரு கட்டம் போட்ட கொப்பி மாதிரி. எந்தக் கட்டத்திலும் எதையும் எழுதலாம். ஒரே நிரலில் மேலே எண், நடுவே எழுத்து, கீழே திகதி இருந்தாலும் அது ஒன்றும் சொல்லாது. (கிடையாகப் போவது நிரை, மேலிருந்து கீழே இறங்குவது நிரல்.)

அக்செஸ் அப்படியல்ல. பாடசாலை இடாப்பு மாதிரி, ஒவ்வொரு நிரலிலும் இன்ன வகைதான் வரலாம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளும். நாம் சொல்லாவிட்டால் தானே ஊகிக்கும். எக்ஸெல் கோப்பை ஏற்றும்போது, நிரலின் முதல் 8 நிரைகளைப் பார்த்து வகையை ஊகிக்கிறது. அந்த எட்டும் எண்ணாக இருந்தால், கீழே உள்ள நூறும் எண் என்றே கொள்ளும். ஒன்பதாவதில் ஓர் எழுத்து வந்தால் அந்தக் கட்டம் வெறுமையாகிவிடும். கணினி கூச்சல் போடாது. "இம்போர்ட் எரர்ஸ்" என்று முடியும் பெயரில் ஒரு சிறு அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டுப் போகும். எந்த நிரல், எத்தனையாவது நிரை என்று அதில் எழுதியிருக்கும். பலர் அதைத் திறப்பதே இல்லை.

எமது இலங்கை அடையாள அட்டையே இதற்கு நல்ல உதாரணம். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் 'வீ' அல்லது 'எக்ஸ்' என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 முதல் வரும் புதிய அட்டையில் 12 இலக்கம் மட்டும், எழுத்து இல்லை. பட்டியலின் மேற்பகுதியில் புதிய அட்டைக்காரர் எட்டுப் பேர் இருந்தால் போதும், கீழே உள்ள பழைய அட்டைக்காரர் எல்லாருடைய எண்ணும் மறைந்துவிடலாம். அமீரக அடையாள எண்ணிலும் இதே கதை. 784, பிறந்த ஆண்டு, 7 இலக்கம், இறுதியில் ஓர் இலக்கம் என 15 இலக்கம் கொண்ட அதைச் சிலர் இடைக்கோடு போட்டு எழுதுவர், சிலர் போடாமல் எழுதுவர். இடைக்கோடு உள்ளது எழுத்து; இல்லாதது எண். இரண்டும் ஒரே நிரலில் கலந்தால் தகராறுதான்.

கூட்டாத எண் எழுத்தே

இந்த இதழில் ஒரு வாக்கியத்தை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: எந்த எண்ணை நாம் கூட்டவோ கழிக்கவோ மாட்டோமோ, அதை எழுத்தாகவே பதிய வேண்டும். சம்பளத் தொகையைக் கூட்டுவோம், அது எண். கடவுச்சீட்டு எண்ணைக் கூட்டுவோமா? தொலைபேசி எண்ணைக் கழிப்போமா?

எண்ணாகப் பதிந்தால் மூன்று தீங்குகள் வரும்.

முதலாவது, முன்னால் நிற்கும் பூச்சியம் போய்விடும். 050 என்று தொடங்கும் கைத்தொலைபேசி 50 ஆகிவிடும். பஹ்ரெயினின் 9 இலக்க அடையாள எண், பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களுடன் தொடங்குவது. 2000க்கும் 2009க்கும் இடையில் பிறந்த பிள்ளைகளின் எண் பூச்சியத்தில்தான் தொடங்கும்; எக்ஸெலில் அது 9 இலக்கத்தை விடக் குறுகிவிடும்.

இரண்டாவது, நீண்ட எண் சுருங்கித் தெரியும். 15 இலக்க எண் 7.84 என்று தொடங்கி, இடையில் ஓர் 'ஈ' எழுத்துடன் விஞ்ஞானக் குறியீடாக நிற்கும். அந்தக் கோலத்திலேயே வேறு கோப்பாகச் சேமித்தால் மிச்ச இலக்கங்கள் தொலைந்தன.

மூன்றாவதுதான் மிகவும் கெட்டது. எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். 16 இலக்க வங்கி அட்டை எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் பூச்சியமாகும். முன்னால் போன பூச்சியத்தை மீட்கலாம். 'டெக்ஸ்ட்' என்னும் சூத்திரத்தில் 14 பூச்சியங்களை மாதிரியாகக் கொடுத்தால் எண் 14 இலக்கமாக நீளும். கடைசியில் அழிந்த இலக்கத்தை மீட்க எந்த வழியும் இல்லை. மூல ஆவணத்தை மீண்டும் பார்த்து எழுத வேண்டியதுதான்.

திகதி என்னும் கண்ணி

நாம் நாளை முதலில் எழுதுகிறோம்; அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுகிறார்கள். கணினியின் பிரதேச அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 05/09 என்பது செப்ரெம்பர் 5 அல்ல, மே 9 ஆகிவிடும். 25/09 என்று எழுதினால் 25ஆம் மாதம் இல்லை என்பதால் எக்ஸெல் அதை எழுத்தாக விட்டுவிடும். ஆகவே ஒரே நிரலில் பாதி மாறிய திகதியாகவும் பாதி எழுத்தாகவும் கிடக்கும். வெறுமையானதை உடனே கண்டுபிடிக்கலாம். மாறி நிற்பதுதான் ஆபத்து. விசாவைப் புதுப்பிக்கும் நாளை நாலு மாதம் பிந்தி நினைத்துக்கொண்டிருந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

திகதி இருக்க வேண்டிய இடத்தில் 36526 போன்ற எண் வந்தால் பயப்பட வேண்டாம். எக்ஸெல் திகதியை 1900ஆம் ஆண்டிலிருந்து நாட்கணக்காக வைத்திருக்கிறது. அந்த எண் 2000 ஜனவரி 1ஐக் குறிக்கும். அக்செஸில் அந்தப் புலத்தைத் திகதி வகைக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

சவூதி ஆவணங்களில் ஹிஜ்ரி திகதியையும் காண்போம். 1445ஆம் ஆண்டு என்று எழுதினால், 1900க்கு முந்திய திகதியை அறியாத எக்ஸெல் அதை எழுத்தாக வைத்துக்கொள்ளும். அக்செஸோ 100ஆம் ஆண்டு முதலான திகதிகளை ஏற்கும். ஆகவே அந்த ஹிஜ்ரி ஆண்டை ஆங்கில ஆண்டாக எடுத்து, விசா கொலம்பஸ் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று கணக்கிட்டுவிடலாம்! ஹிஜ்ரித் திகதிக்குத் தனியாக ஓர் எழுத்து நிரல் வைத்து, ஆங்கிலத் திகதியைப் பக்கத்தில் எழுதுவதே நல்லது.

ஏற்றும் முறை

1. மூலக் கோப்பைத் தொடாதீர்கள். பிரதி எடுத்து அதில் வேலை செய்யுங்கள்.

2. மேலே நிறுவனப் பெயர் எழுதிய நிரை, கீழே மொத்தம் போட்ட நிரை, இடையில் வெற்று நிரை, ஒன்றாக இணைத்த கட்டங்கள் யாவற்றையும் நீக்குங்கள். முதல் நிரையில் தலைப்பு மட்டும் இருக்கட்டும். தலைப்பில் புள்ளி, ஆச்சரியக்குறி, சதுர அடைப்பு வேண்டாம். அக்செஸ் புலப்பெயர்களில் அவற்றை ஏற்காது.

3. அடையாள எண், கடவுச்சீட்டு, தொலைபேசி, வங்கிக் கணக்கு ஆகிய நிரல்களை எழுத்தாக மாற்றுங்கள். 'ஃபோர்மட்' பகுதியில் 'டெக்ஸ்ட்' என்று தெரிவு செய்வது இனி எழுதுவதற்கு மட்டுமே உதவும். ஏற்கெனவே எழுதியதை மாற்றாது. பழையதை மாற்ற, நிரலைத் தெரிவு செய்து 'டேட்டா' பட்டியலில் 'டெக்ஸ்ட் டு கொலம்ஸ்' என்பதற்குப் போய், கடைசிப் படியில் 'டெக்ஸ்ட்' என்று கொடுங்கள். நீங்கள் ஒழுங்குபடுத்தாத நிரலில் எழுத்து இடப்பக்கம் ஒட்டும். எண்ணும் திகதியும் வலப்பக்கம் ஒட்டும். கண்ணாலேயே சரிபார்க்கலாம்.

4. பெயர்களின் முன்னும் பின்னும் ஒளிந்திருக்கும் இடைவெளிகளை 'ட்ரிம்' சூத்திரத்தால் நீக்குங்கள். பெயரைக் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே எழுதுங்கள். முதலெழுத்தா, தகப்பன் பெயரா, குடும்பப் பெயரா என்று எமது பெயர்கள் படிவத்துக்குப் படிவம் மாறுகின்றன. ஆகவே ஆளை ஆளோடு பொருத்தப் பெயரை நம்பாமல் கடவுச்சீட்டு எண்ணைப் பயன்படுத்துங்கள்.

5. அக்செஸில் 'எக்ஸ்டேர்னல் டேட்டா' வழியாகப் புதிய அட்டவணையாக ஏற்றுங்கள். வழிகாட்டித் திரையில் ஒவ்வொரு நிரலின் வகையையும் பார்த்து, மேற்சொன்னவற்றுக்கு 'ஷோர்ட் டெக்ஸ்ட்' என்று கொடுங்கள். ஏற்கெனவே உள்ள பதிவேட்டின் மேல் நேரே ஏற்றாதீர்கள். சரிபார்த்த பின் சேர்க்கலாம்.

6. 'கீ வயலேஷன்' என்று செய்தி வந்தால், தனித்துவமாக இருக்க வேண்டிய எண் இருமுறை வந்திருக்கிறது அல்லது அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது என்று அர்த்தம். 'ஆம்' என்று அழுத்திக் கடந்து போகாதீர்கள். அழுத்தினால் அந்த நிரைகள் கைவிடப்படும்.

7. காற்புள்ளியால் பிரித்த சாதாரண எழுத்துக் கோப்பாகப் பட்டியல் வந்தால், அதை எக்ஸெலில் இரட்டைச் சொடுக்கித் திறக்காதீர்கள். திறந்தவுடனேயே பூச்சியங்கள் போய்விடும். அக்செஸிலேயே நேரே ஏற்றி, வகையை நீங்களே சொல்லுங்கள்.

கடைசியில் எண்ணிப் பாருங்கள்

2020இல் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கொரோனாத் தொற்று உறுதியானவர்களின் விபரங்களைப் பழைய வகை எக்ஸெல் கோப்பில் ஏற்றினார்கள். பழைய வகையில் 65,536 நிரைகளுக்கு மேல் இடமில்லை. (இப்போதைய வகையில் 1,048,576 நிரைகள் உண்டு.) நிரம்பியபின் மிச்சம் விழுந்துபோனது. செப்ரெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை 15,841 பேர் அன்றாடக் கணக்கில் வராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களுக்கு எச்சரிக்கை போவதும் தாமதித்தது. ஒரு நாட்டின் சுகாதாரத் துறைக்கே இது நேர்ந்திருக்கிறது.

இதைத் தடுக்கக்கூடிய வேலை மிக எளிது. ஏற்றுமுன் எத்தனை நிரை, ஏற்றியபின் எத்தனை நிரை என்று எண்ணுங்கள். சம்பள நிரலின் மொத்தத்தை இரண்டு பக்கமும் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முக்கிய நிரலிலும் வெற்றுக் கட்டம் எத்தனை என்று பாருங்கள். பட்டியலின் மேல், நடு, அடி என ஐந்தாறு பேரை எடுத்து மூல ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். அரைமணி நேர வேலை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வையுங்கள். பின்னர் யாரும் கேட்டால் பதில் கையில் இருக்கும்.

ஒரு நிரை என்பது ஓர் ஆள். அந்த ஆளின் எண் எமது கையில் கலையாமல் போய்ச் சேர வேண்டும். பட்டியலை வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் பிறருக்கு அனுப்புவதும் கூடவே கூடாது என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

ஒரே ஆள் இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு முறை பதிவாகியிருந்தால் அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதை அடுத்த இதழில் பார்ப்போம். உங்கள் கேள்விகளை எழுதுங்கள். எழுதும்போது எவருடைய உண்மையான எண்ணையும் சேர்க்காதீர்கள்.