பேடண்ட் முதலாளிக்கு, பாடு யாருக்கு?

சுசீந்திரம் தெப்பக்குளத்தங்கரை டீக்கடை. கும்பப்பூ நடவு முடித்துக் கரையேறிய விவசாயத் தொழிலாளி ஒருவரும், நாகர்கோவில் பட்டறையில் கம்ப்யூட்டரில் இயந்திர வரைபடம் போடும் அவருடைய தம்பி மகனும் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த வரைபட சாப்ட்வேர் விற்கிற கம்பெனிகள் பேடண்டைத் திருடிவிட்டதாக ஒன்றையொன்று கோர்ட்டுக்கு இழுக்கும் கதையைப் பையன் சொன்னான். பெரியவர் கையை விரித்தார். "ரெண்டு மொதலாளி அடிச்சிக்கிடுதான். நமக்கு என்ன மக்கா?"

கேள்வி நியாயமானது. பதிலுக்கு வெளிநாடு போகவேண்டாம். சென்னை ஐகோர்ட்டிலேயே நடந்த வழக்கு ஒன்று இருக்கிறது, தோழர்களே.

மோட்டார் சைக்கிள் என்ஜினில் பெட்ரோல் ஆவிக்குத் தீப்பொறி கொடுப்பது பிளக். ஒரு பிளக்குக்குப் பதில் இரண்டு வைத்தால் ஆவி நன்றாக எரியும், பெட்ரோல் மிச்சமாகும். சிறிய என்ஜினில் இப்படி இரண்டு பிளக் வைத்த அமைப்புக்குப் பூனாவின் பஜாஜ் கம்பெனி 2002-ல் மனுப் போட்டு, 2005-ல் பேடண்ட் பெற்றது. பேடண்ட் என்றால் மனுப் போட்ட நாள் முதல் 20 வருஷத்துக்கு ஏகபோகம். வேறு யாரும் அனுமதியின்றி அதைச் செய்யக்கூடாது, விற்கக்கூடாது.

2007-ல் ஓசூர் டி.வி.எஸ். கம்பெனி 'பிளேம்' என்ற வண்டியைக் கொண்டுவந்தது. அதிலும் இரண்டு பிளக். எங்கள் சொத்தில் கை வைத்துவிட்டாய் என்றது பஜாஜ். எங்கள் என்ஜினில் வால்வு மூன்று, உன்னுடையதில் இரண்டு, இது வேறு சரக்கு என்றது டி.வி.எஸ். இருவரும் மாறி மாறி வழக்குப் போட்டார்கள். 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி தடை விதித்தார். 2009 மே மாதம் இரு நீதிபதிகள் தடையை நீக்கினார்கள். செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட், வண்டியை விற்கலாம், கணக்கு வைத்துக்கொள், நவம்பர் 30-க்குள் வழக்கை முடிக்கப் பாருங்கள் என்றது. இத்தகைய வழக்குகள் இடைக்காலத் தடையோடு நின்று வருஷக்கணக்கில் இழுபடுகின்றன என்று வருத்தமும் தெரிவித்தது. வழக்கு முடிந்ததா? 2019-ல் இரண்டு கம்பெனிகளும் சமரசமாகிக் கைகுலுக்கிக்கொண்டன! பன்னிரண்டு வருஷம் பஜனை.

வழக்கில் இருந்த தரப்புகள் இரண்டே, இரண்டும் கம்பெனிகள். அந்த என்ஜினை வரைந்தவன், கடைசல் பிடித்தவன், சோதித்துப் பார்த்துப் பழுது சொன்னவன், இவர்களுக்கு அந்த ஏகபோகத்தில் பங்கு என்ன என்பது வழக்கே அல்ல.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இது புதுக் கதை அல்ல. நூற்பு ஆலையின் தந்தை என்று புத்தகங்கள் புகழும் ஆர்க்ரைட், போட்டி முதலாளிகள் மீது பேடண்ட் வழக்குப் போட்டவர். 1785-ல் லண்டன் கோர்ட்டில் தறி அச்சு கட்டும் தொழிலாளி தாமஸ் ஹைஸ் கூண்டேறி, நூலிழுக்கும் உருளையை முதலில் கண்டவன் நான் என்று சாட்சி சொன்னார். அவருக்கு மாதிரி செய்து கொடுத்த கடிகாரத் தொழிலாளி ஜான் கே மூலம்தான் அது ஆர்க்ரைட்டிடம் போனது என்பது குற்றச்சாட்டு. ஆர்க்ரைட்டின் பேடண்ட் ரத்தானது. ஆனால் ஆலைகள் அவரிடமே இருந்தன. மறு வருஷம் 'சர்' பட்டமும் கிடைத்தது. ஹைஸுக்கு ஒரு காசும் இல்லை.

நம் நாட்டு 1970-ஆம் வருஷச் சட்டத்தில் கண்டுபிடித்தவன் பெயரைப் பேடண்டில் குறிக்க இடமுண்டு. பெயர் மட்டும்! பணம் கொடுக்கவேண்டும் என்று அதில் ஷரத்து கிடையாது. ஜெர்மனியில் 1957 முதலே சட்டம் இருக்கிறது. தொழிலாளியின் கண்டுபிடிப்பை முதலாளி எடுத்துக்கொண்டால் நியாயமான ஈடு தரவேண்டும். ஜெர்மன் முதலாளி ஒன்றும் தர்மப்பிரபு அல்ல. அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது?

இன்னொன்று. வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு இங்கே பேடண்ட் இல்லை. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தது. 2005-ல் இடதுசாரிக் கட்சிகளும் மற்றவர்களும் பார்லிமெண்டில் வற்புறுத்தியபோது அந்த வாசகம் கைவிடப்பட்டது. மறுபடி திறக்க ஆள் இல்லாமலா போவார்கள்?

டீக்கடைப் பையனிடம் கேட்டேன்: உன் வேலை உத்தரவில் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்று எழுதியிருக்கிறதா? "இங்கிலீஷ்ல நாலு பக்கம் அண்ணாச்சி, கையெழுத்துப் போட்டாச்சு" என்றான். பெரியவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் காகிதத்தை நாளைக்கு எடுத்து வா என்றார்.

ஆலையிலும் பட்டறையிலும் சங்கங்கள் அடுத்த கூலிப் பேச்சுக்குப் போகும்போது, தொழிலாளி சொன்ன யோசனை பேடண்ட் ஆனால் அவனுக்குப் பங்கு என்ற ஷரத்தையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும்.