கழுத்துத் தலையணைக்குக் குளிர்ச்சி எதற்கு?



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் என் வயதுக்காரர்களும், அவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கும் பிள்ளைகளும் பொறுமையாகப் படித்தால் நல்லது. இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், ஃபிளைட்டுக்கு கூலிங் மெமரி ஃபோம் கழுத்துத் தலையணை வாங்கலாமா? நீங்க கொண்டுபோனீங்களே, எப்படி இருந்துச்சு?"

சுருக்கமான பதில் இதுதான். கழுத்துத் தலையணை வாங்குங்கள். "கூலிங்" என்ற வார்த்தைக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஏன் என்று கேட்பவர்கள் மேலே படியுங்கள். 33 ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன், காரணம் சொல்லாமல் விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் போடாதவன். எனக்கும் அதே விதிதான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் மகளின் முதல் பிரசவத்துக்காக நானும் வீட்டம்மாவும் டாலஸ் போனோம். சென்னையிலிருந்து வளைகுடா நாட்டு நகரம் வரை நாலரை மணி நேரம். அங்கே மூன்று மணி நேரம் காத்திருப்பு. பிறகு ஒரே மூச்சில் 16 மணி நேரம். வீட்டம்மாவுக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம் உண்டு. விமான நிலையக் கடையில் அவசரத்துக்கு ஒரு காற்றடைத்த தலையணை வாங்கிக் கொடுத்தேன். பாதி வழியிலேயே காற்று இறங்கிவிட்டது. டாலஸில் இறங்கியபோது அவரால் கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்ப முடியவில்லை. பத்து நாள் அப்படியே. மருத்துவமனையில் பேரனைக் கையில் கொடுத்தபோது குனிந்து முகம் பார்க்க முடியாமல், குழந்தையை எங்களை விட்டு உயரத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அதை மகள் மறக்கவில்லை. இந்த ஆண்டு நாங்கள் மறுபடி கிளம்புகிறோம் என்றதும், 49 டாலர் கொடுத்து ஒரு கூலிங் மெமரி ஃபோம் தலையணை வாங்கி, ஊருக்கு வந்த தோழியிடம் கொடுத்தனுப்பினாள். நம் கணக்கில் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். பெட்டி மேல் நீல நிறத்தில் பனிக்கட்டிப் படம். உள்ளே U வடிவத்தில் கனமான தலையணை. கழுத்துப் படும் இடத்தில் நீலமாக ஒரு ஜெல் அடுக்கு. தொட்டால் சில்லென்று இருந்தது உண்மை.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? பயணத்துக்கு முன்பே வீட்டில் சோதித்துப் பார்த்தேன். ஏ.சி.யை 24 டிகிரியில் வைத்துவிட்டு, ஒரு பக்கம் இந்தத் தலையணை, இன்னொரு பக்கம் எங்கள் வீட்டு இலவம்பஞ்சுத் தலையணை. வீட்டம்மாவைக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை வைத்துப் பார்க்கச் சொன்னேன். தொட்டவுடன் எது கூலிங் என்று சரியாகச் சொல்லிவிட்டார். ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் சாய்ந்திருந்த பிறகு கேட்டால், "ஏங்க, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. இது இன்னும் கொஞ்சம் புழுங்குது" என்று அந்த 49 டாலரைத்தான் காட்டினார்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான். ஒரே அறையில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். ஆனால் தொட்டால் டம்ளர் சில்லென்று இருக்கும். காரணம், அது நம் கைச்சூட்டை வேகமாக வாங்கிக்கொள்கிறது. ஜெல்லும் அப்படித்தான். அது குளிர்ச்சியை உண்டாக்கவில்லை. உங்கள் சூட்டை வாங்கி வைத்துக்கொள்கிறது. வாங்கும் பாத்திரம் நிறைந்துவிட்டால் அதோடு சரி.

பாத்திரம் எவ்வளவு பெரியது? தோராயமாகக் கணக்குப் போடுவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் நொடிக்குச் சுமார் 100 ஜூல் வெப்பம் வெளியிடும். தலையணை படும் கழுத்துப் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால், அங்கிருந்து நொடிக்கு ஏறத்தாழ 1 ஜூல். ஜெல் 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தாராள மனதோடு அது முழுக்கத் தண்ணீர் என்றே வைத்துக்கொள்வோம். தண்ணீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் கிராமுக்கு 4.2 ஜூல். 24 டிகிரியிலிருந்து தோலின் சூடான 34 டிகிரிக்கு வர 4,200 ஜூல் வேண்டும். நொடிக்கு 1 ஜூல் வீதம் 4,200 நொடி, அதாவது 70 நிமிடம். ஜெல்லின் ஏற்புத்திறன் தண்ணீரைவிடக் குறைவு. ஆக, அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் கதை முடிந்துவிடும். பயணமோ 16 மணி நேரம்.

சில தலையணைகளில் ஜெல்லுக்குப் பதில் உருகும் மெழுகுத் துகள்களை வைக்கிறார்கள். மெழுகு உருகும்போது கிராமுக்குச் சுமார் 200 ஜூல் உள்ளுறை வெப்பத்தை வாங்கும். ஜெல்லைவிட மேல்தான். ஆனால் இருக்கும் இருபது கிராம் மெழுகுக்கு அதே 4,000 ஜூல்தான். அது உருகி முடித்த பிறகு மறுபடி உறைய வேண்டும். கழுத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தால் எப்படி உறையும்?

இதில் இன்னொரு வேடிக்கை. மெமரி ஃபோமை 1966இல் அமெரிக்காவின் நாசா ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்துக்காகச் சார்லஸ் யோஸ்ட் என்பவர் உருவாக்கினார். விமான இருக்கைகளுக்காகவே செய்யப்பட்ட பொருள் அது. அழுத்தினால் மெல்ல அமுங்கும், விட்டால் மெல்ல எழும். நம் உடல் சூட்டில் இளகி, உடலின் வடிவத்துக்கு ஏற்பப் படியும். குளிரில் விறைக்கும். அதாவது, அது தன் வேலையைச் செய்ய உங்கள் சூடு வேண்டும். கூடவே அது நுண்ணிய காற்றறைகள் நிறைந்த பொருள், வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால்தான் அதில் படுத்தால் புழுங்குகிறது என்று மக்கள் குறை சொன்னார்கள். அந்தக் குறைக்கு மருந்தாகத்தான் இந்த ஜெல் அடுக்கு. ஜெல் வாங்கிய சூடு பின்னால் போக வழியில்லை, அங்கே ஃபோம் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

சரி, விமானத்தில் கழுத்து புழுங்காமல் இருக்க வழி என்ன? நம் பாட்டிமார் மண்பானையில் தண்ணீர் வைத்த அதே வழிதான். ஒரு கிராம் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 ஜூல் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். விமானத்துக்குள் காற்று மிக வறண்டது, ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. வியர்வை உடனே காய்ந்துவிடும். கழுத்தில் காற்றுப்பட விட்டாலே போதும். மேலுறை பருத்தியாக இருந்தால் இன்னும் நல்லது. காற்றுப் புகாத ஜெல்லை ஒட்டிவைத்தால் அந்த இயற்கையான குளிர்ச்சியையும் அடைத்துவிடுகிறோம்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். விமானம் கிளம்பும் முன் ஏ.சி. சரியாக வராமல் முக்கால் மணி நேரம் வெந்துகொண்டிருப்போமே, அப்போது அந்தச் சில்லிப்பு இதமாகத்தான் இருந்தது. மாதவிடாய் நிற்கும் வயதில் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும் பெண்களுக்கு அந்த அரை மணியும் பெரிய விஷயமாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் தெரிந்தே வாங்கட்டும். இரவு முழுக்கக் குளிரும் என்று நம்பி வாங்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

இனி முக்கியமான விஷயம். கழுத்து வலிக்குக் காரணம் சூடு இல்லை, தலையின் பாரம்.

நம் தலை சுமார் 5 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் முதுகெலும்புக்குச் சற்று முன்னால் இருக்கிறது. விழித்திருக்கும்போது பின்கழுத்துத் தசைகள் கயிறு மாதிரி இழுத்துப் பிடித்திருக்கும். தூங்கினால் தசை தளரும், தலை முன்னாலோ பக்கத்திலோ விழும். விழுந்தவுடன் திடுக்கிட்டு எழுவோம். இரவு முழுக்க இதே கூத்து. ஆகவே தலையணை தாங்க வேண்டியது முகவாய்க்கட்டையையும் பக்கவாட்டையும்தான். பின்பக்கம் இருக்கைதான் இருக்கிறதே!

ஆனால் பெரும்பாலான U தலையணைகளில் பின்பக்கம்தான் பருமன். எங்களுடையதில் மூன்று அங்குலம். விமான இருக்கையின் தலைப்பகுதி ஏற்கெனவே கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். அதன் மேல் மூன்று அங்குலம் சேர்ந்தால் தலையைப் பிடித்து முன்னால் தள்ளுகிறது. சென்னையிலிருந்து கிளம்பிய முதல் நாலரை மணி நேரம் வீட்டம்மா அதைப் பெட்டியில் போட்டிருந்த படப்படி மாட்டிக்கொண்டார். இறங்கும்போது, "கழுத்து மறுபடி பிடிக்கிற மாதிரி இருக்குங்க" என்றார். எனக்குப் பழைய பத்து நாள் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது.

அடுத்த 16 மணி நேரத்துக்கு அதைத் திருப்பிப் போட்டோம். திறந்த பக்கம் பின்னால், பருமனான பக்கம் முகவாய்க்குக் கீழே. பின்கழுத்துக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன ஈரிழைத் துண்டை மெல்லியதாக மடித்து வைத்தோம். இருக்கையை முடிந்தவரை சாய்த்துக்கொண்டோம். ஓர இருக்கை கேட்டு வாங்கியிருந்ததால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பின்னால் வரை நடந்தோம். டாலஸில் இறங்கியபோது கழுத்து கொஞ்சம் விறைப்பாக இருந்தது, ஆனால் திரும்பியது. வாசலில் ஓடி வந்த பேரனைக் குனிந்து கொஞ்ச முடிந்தது.

எது உதவியது? திருப்பிப் போட்டதா, துண்டா, நடையா? ஒரே நேரத்தில் நான்கைந்து காரணிகளை மாற்றிவிட்டு ஒன்றுக்கு மட்டும் பெருமை சேர்க்கக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொன்னவன் நான். எல்லாம் சேர்ந்து என்றுதான் சொல்ல முடியும். ஆனால் 20 மணி நேரத்தில் குளிர்ச்சிக்குப் பங்கு அரை மணி நேரம் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பின்பக்கம் மெல்லியதாக, தட்டையாக இருக்க வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து மாட்டிப் பாருங்கள். தலை முன்னால் தள்ளப்பட்டால் வேண்டாம்.

2. உயரம். தோளிலிருந்து தாடை வரை உள்ள இடைவெளியை நிரப்ப வேண்டும். தலையைப் பக்கவாட்டில் சாய்த்தால் சிறிது தூரத்திலேயே தாங்க வேண்டும்.

3. முன்னால் சேர்த்துக் கட்டும் பட்டி இருக்க வேண்டும். ஒல்லிக் கழுத்துக்காரர்களுக்கு இது இல்லாவிட்டால் பயனில்லை.

4. கையால் நன்றாக அழுத்திவிட்டு விடுங்கள். உடனே துள்ளி எழுந்தால் அது சாதாரண ஸ்பான்ஞ்.

5. மேலுறையைக் கழற்றித் துவைக்க முடிய வேண்டும்.

6. எடையும் அளவும். எங்களுடையது சுருங்கவே மாட்டேன் என்றது. இரண்டு விமான நிலையங்களிலும் கையில் தூக்கிக்கொண்டு அலைந்தோம்.

இந்த ஆறும் உள்ள தலையணையைச் சென்னையில் ஒரு கடையில் 1,100 ரூபாய்க்குப் பார்த்தேன். ஜெல் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. தலையணை வசதியாக இருக்கிறது என்று எட்டு மணி நேரம் அசையாமல் தூங்கிவிடாதீர்கள். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அப்போதும் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான், பயப்பட வேண்டாம். எழுந்து நடங்கள், கணுக்காலைச் சுழற்றுங்கள். கையில் மரமரப்பு, விரல்களில் பலம் குறைவு இருப்பவர்கள் கிளம்பும் முன் மருத்துவரைப் பாருங்கள். தலையணை வைத்தியம் ஆகாது.

கடைசியாக, பிள்ளைகளுக்கு. தூரத்தில் இருக்கும் நீங்கள் எங்கள் வலியை நினைத்து ஏதாவது வாங்கி அனுப்புகிறீர்கள். அந்த அன்பு புரிகிறது. ஆனால் அதே காசுக்கு ஓர இருக்கையை முன்பதிவு செய்யுங்கள். மாறும் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி சொல்லி வையுங்கள். இரண்டு விமானங்களுக்கு நடுவே மூச்சுவிட நேரம் இருக்கும்படி டிக்கெட் போடுங்கள். எந்த ஜெல்லும் தராத சுகம் அதில் இருக்கிறது.

டாலஸில் இறங்கியதும் மகள் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, தலையணை எப்படிப்பா இருந்துச்சு?" நான், "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றேன். வீட்டம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். செய்முறைத் தேர்வில், வந்த அளவை எழுதாமல் வரவேண்டிய அளவை எழுதிய எத்தனை பிள்ளைகளைத் திருத்தியிருக்கிறேன்! அதையே நானும் செய்துவிட்டேன். அவள் என்னை நம்பி அடுத்து மாமனார் மாமியாருக்கும் அதையே வாங்கப் போகிறாள் என்று நேற்றுத் தெரிந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

அம்மாடி, நீயும் இதைப் படிப்பாய். தலையணை பரவாயில்லை. குளிர்ச்சி அரை மணி நேரம்தான். சம்பந்திக்கு அந்த 1,100 ரூபாய்த் தலையணையை நானே வாங்கித் தருகிறேன், எப்படித் திருப்பிப் போடுவது என்றும் காட்டிவிடுகிறேன்.

நண்பர்களே, உங்கள் அனுபவம் வேறாக இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். என் கணக்கில் தவறு இருந்தால் பழைய மாணவர்கள் தாராளமாகத் திருத்தலாம். மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்வேன்.

அனைவரின் பயணமும் கழுத்து வலியில்லாமல் அமையட்டும். வணக்கம்.