ஆலையைத் தங்க வைப்பது எது?

2017 அக்டோபர் 20 அன்று, அடிலெய்டு நகருக்கு வடக்கே எலிசபெத்தில் இருந்த ஹோல்டன் ஆலையிலிருந்து கடைசி கமோடோர் கார் வெளியே வந்தது. அதே மாதம் 3ஆம் தேதி மெல்போர்னை ஒட்டிய ஆல்டோனாவில் டொயோட்டா தன் ஆலையை மூடியிருந்தது. முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே ஃபோர்டு கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 1948இல் பிரதமர் பென் சிஃப்லி முதல் ஹோல்டன் காரை அறிமுகம் செய்தபோது ஆஸ்திரேலியா பெருமிதப்பட்ட ஒரு தொழில், எழுபது ஆண்டு நிறையும் முன்பே இப்படி முடிந்தது. கூலி கட்டுப்படியாகவில்லை என்கிறது ஒரு தரப்பு. அரசு கைகழுவிவிட்டது என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருந்த நோய், எண்ணிக்கை போதாமை. அந்த நாடு ஆலைகள் இருக்க வேண்டும் என்பதற்காகச் செலவழித்தது. ஒவ்வொரு ஆலையும் போதுமான அளவு உற்பத்தி செய்ய வேண்டும் என்பதில் கடைசிவரை உறுதியாக நிற்கவில்லை.

கூலி வாதத்தை முதலில் பார்ப்போம். ஜெர்மனியிலும் கூலி அதிகம்தான். அங்கே இன்றும் கார் கட்டுகிறார்கள். ஒரு புதிய மாடலுக்கான டைகளும் பிரஸ் ஷாப்பும் பெயிண்ட் ஷாப்பும், அதில் ஐம்பதாயிரம் கார் செய்தாலும் மூன்று லட்சம் கார் செய்தாலும் ஏறக்குறைய ஒரே முதலீட்டைக் கேட்பவை. அந்தச் செலவு எத்தனை கார்களின் தலையில் பிரிகிறது என்பதே கணக்கு. 2013இல் ஆஸ்திரேலியர்கள் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய வாகனங்களை வாங்கினார்கள். சந்தையில் அறுபதுக்கு மேற்பட்ட பிராண்டுகள். உள்நாட்டில் தயாரானவை சுமார் 2 லட்சம். அதையும் மூன்று நிறுவனங்கள் பங்குபோட்டுக்கொண்டன.

இந்தக் கோளாறு அங்கிருந்தவர்களுக்குத் தெரியாததல்ல. 1980களின் நடுவில் இறக்குமதிக் கார்களுக்கு 57.5 சதவீத வரியும், அதற்கு மேல் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இருந்தன. அந்த நிழலில் பல நிறுவனங்கள் சிறுசிறு அளவில் கார் கட்டிப் பிழைத்தன. தொழில் அமைச்சர் ஜான் பட்டன் வரியைப் படிப்படியாகக் குறைத்து, மாடல்களையும் குறைக்கத் திட்டமிட்டார். நோக்கம் சரி. நிறுவனங்கள் கண்ட வழிதான் விசித்திரம்: ஹோல்டன் கமோடோர் காரையே பெயர் மாற்றி ‘டொயோட்டா லெக்சென்’ என்று விற்றார்கள், டொயோட்டா கேம்ரி ‘ஹோல்டன் அப்போலோ’ ஆனது. வாங்குபவர்கள் ஏமாறவில்லை, அசலையே தேடிப் போனார்கள். 1992இல் நிசானும் 2008இல் மிட்சுபிஷியும் உற்பத்தியைக் கைவிட்டன. வரி 2010இல் 5 சதவீதத்துக்கு இறங்கியது. பாதுகாப்பு போனது, அதன் இடத்தில் வர வேண்டிய பெருமளவு உற்பத்தி வரவில்லை.

அதே காலத்தில் தாய்லாந்து வேறு பாதையில் நடந்தது. அதற்கும் சொந்தமான பெரிய கார் நிறுவனம் கிடையாது. அங்கே கட்டுபவையும் ஜப்பானிய, அமெரிக்க கம்பெனிகளே. ஆனால் ஒரு டன் பிக்கப் என்ற ஒரே வகை வாகனத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கலால் வரியைத் தாழ்வாக வைத்து, உலகத்துக்கே பிக்கப் கட்டும் இடமாகத் தன்னை மாற்றிக்கொண்டது. 2013இல் அங்கே உற்பத்தியான வாகனங்கள் 24 லட்சத்தைத் தாண்டின. 2005இல் இரு நாடுகளுக்கிடையே தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் தாய்லாந்து பிக்கப்புகள் ஆஸ்திரேலியாவுக்குள் வரியின்றி வந்து இறங்கின. எதிர்த் திசையில் போக வேண்டிய ஃபோர்டு டெரிட்டரியின் என்ஜின் 4 லிட்டர். தாய்லாந்தின் உள்நாட்டுக் கலால் வரியோ என்ஜின் பெரிதாகப் பெரிதாக ஏறக்கூடியது. சுங்க வரி நீங்கியும் அந்தக் கார் அங்கே விலைபோகவில்லை. ஒப்பந்தத்தில் கதவு இரு பக்கமும் திறந்திருந்தது. நடைமுறையில் ஒரு பக்கம்தான் திறந்தது.

‘கொட்டிக் கொடுத்தும் நிற்காத தொழிலுக்கு இன்னும் எவ்வளவு கொடுப்பது?’ என்று கேட்பவர்களின் கையில் வலுவான ஆதாரம் இருக்கிறது. 1997 முதல் 2012 வரை அந்தத் தொழிலுக்குக் கிடைத்த ஆதரவு சுமார் 30 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர் என்று அந்நாட்டின் உற்பத்தித்திறன் ஆணையம் கணக்கிட்டது. 2012 மார்ச்சில் 275 மில்லியன் டாலர் உதவி அறிவிக்கப்பட்டு, ஹோல்டன் 2022 வரை இருக்கும் என்று சொல்லப்பட்டது. மறு ஆண்டு டிசம்பரிலேயே மூடும் முடிவு வெளியானது. ஆகவே மானியத்தை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. இருப்பதற்குக் கொடுத்த காசு, இருப்பு லாபமில்லை என்று தலைமையகம் முடிவு செய்த அன்றே பயனற்றுப் போகிறது. சுரங்க வருமானத்தால் ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலரையும் தாண்டிய 2011, 2012 ஆண்டுகளில் ஏற்றுமதி இன்னும் கடினமானது. பற்றாத எண்ணிக்கையில் கார் கட்டும் ஆலைக்கு அந்த அடியைத் தாங்கும் தெம்பு இருக்கவில்லை.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி எழும்: டொயோட்டா தன் ஆல்டோனா கேம்ரிகளில் பெரும்பகுதியை மத்திய கிழக்குக்கு ஏற்றுமதி செய்ததே, அது ஏன் போனது? உதிரிபாகச் சங்கிலி அறுந்ததும் ஒரு முக்கியக் காரணம். சீட்டும் கண்ணாடியும் வார்ப்புகளும் தரும் சிறு நிறுவனங்கள் மூன்று ஆலைகளையும் சேர்த்து நம்பித்தான் பிழைத்தன. ஃபோர்டும் ஹோல்டனும் போகிறோம் என்றதும் மீதமிருந்த ஒரே வாடிக்கையாளரை வைத்து அவற்றால் தாக்குப்பிடிக்க முடியாது. ஹோல்டன் அறிவித்த இரண்டே மாதத்தில், 2014 பிப்ரவரி 10 அன்று, டொயோட்டாவும் அறிவித்தது.

‘போனால் போகட்டும், கார் மலிவானது, வேலையின்மையும் பெருகவில்லை’ என்ற வாதமும் உண்டு. நாடு முழுமைக்குமான சராசரி அப்படித்தான் சொல்லும். ஆனால் ஐம்பது வயது வெல்டருக்குச் சராசரியில் வேலை கிடைப்பதில்லை. அவர் ஊரில், அவர் கைக்குத் தெரிந்த வேலை கிடைக்க வேண்டும். ‘வடிவமைப்பு நம்மிடம் இருந்தால் போதும்’ என்ற ஆறுதலும் அரைகுறையானது. ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பை உருவாக்கியவர்கள் ஆஸ்திரேலியப் பொறியாளர்கள், கட்டுவது தாய்லாந்தில், 2023இல் ஆஸ்திரேலியாவில் மிக அதிகம் விற்ற வாகனமும் அதுவே. வரைபடம் வரைந்தவரின் வேலை தப்பியது. வெல்டரின் வேலை தப்பவில்லை.

இதைத் தமிழ்நாடு அக்கறையோடு படிக்க வேண்டும். அதே ஃபோர்டு 2021இல் இந்திய உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்து, 2022இல் மறைமலை நகரில் கார் கட்டுவதை நிறுத்தியது. கட்டிவைத்த திறனுக்கு ஏற்ற விற்பனை இல்லை என்பதே அங்கும் அடிப்படைக் காரணம். வேலை இழந்தவர்கள் இழப்பீட்டுக்காகப் போராட வேண்டியிருந்தது. ஆனால் ஃபோர்டைத் தொடர்ந்து இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் வெளியேறவில்லை. பல ஆலைகளுக்கும் பல நாடுகளுக்கும் சரக்கு அனுப்பும் உதிரிபாக நிறுவனங்கள் சென்னையைச் சுற்றி இருந்ததால் ஒருவரின் வெளியேற்றம் எல்லோருடையதாகவும் ஆகவில்லை.

அந்தப் பலம் தானாக நீடிக்காது. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தொடக்கத் திறன் ஆண்டுக்கு 50,000. இதுபோன்ற ஒவ்வொரு ஆலைக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போடும்போது முதலீடு எத்தனை கோடி, வேலை எத்தனை ஆயிரம் என்ற இரண்டு எண்களே தலைப்புச் செய்தியாகின்றன. நிலமும் வரிச்சலுகையும் கொடுக்கும் அரசு வேறு இரண்டு எண்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: ஐந்தாம் ஆண்டில் எத்தனை கார் கட்டப்படும், உதிரிபாகத்தில் எவ்வளவு பங்கு உள்ளூரில் வாங்கப்படும். சலுகையின் அடுத்த தவணை அந்த எண்களைப் பார்த்தே போக வேண்டும். எட்டாவிட்டால் நிறுத்த வேண்டும். கெடுபிடி செய்தால் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடுவார்கள் என்று அதிகாரிகள் அஞ்சலாம். எண்ணிக்கைக்கு உறுதி தர மறுப்பவர் நாளை எப்படியும் போகக்கூடியவர்தான். அவரை மக்கள் பணத்தில் வழியனுப்ப வேண்டியதில்லை.