சட்டிக்கும் ஒரு பேர் வேணும் சாமியோவ்!

போன ஞாயித்துக்கிழமை போன்சாய் வளர்க்கிற நண்பர் ஒருத்தர் வீட்டுக்கு வந்திருந்தார். மொட்டைமாடியில இருந்த என் இச்சி மரத்தைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். "மரம் அருமைங்க. ஆனா இப்படி மண்சட்டியில வச்சுக் கெடுத்துட்டீங்களே. ஒரு இம்போர்ட்டட் சட்டி வாங்கிப் போடுங்க, அப்பதான் போன்சாய் களையே வரும்"னு சொல்லிட்டுப் போனார். வீட்டுக்கு வந்தவர்கிட்ட சண்டை போட முடியுமா? காப்பி குடுத்து அனுப்பிட்டேன். பதில் இங்கே.

மொதல்ல, போன்சாய்ங்கிற ஜப்பானியச் சொல்லுக்கே 'தட்டில் நட்டது'ன்னுதான் அர்த்தம். அதாவது சொல்லுல பாதி சட்டி. சரி, அந்தச் சட்டி எதுக்கு 1200 டிகிரிக்கு மேல வெந்து கல்லு மாதிரி இருக்கணும்? குளிர்நாட்டுல சட்டிக்குள்ள ஊறின தண்ணி உறைஞ்சு, விரிஞ்சு, சட்டியைப் பொளந்துடும். அதனால தண்ணி குடிக்காத சட்டி அவங்களுக்குக் கட்டாயம். தென்காசியில என்னைக்கு மக்களே தண்ணி உறைஞ்சுது? நமக்குச் சித்திரை வெயில்தான் எமன். நம்ம மண்சட்டி தண்ணியைக் கசியவிட்டு வேரைக் குளுமையா வச்சுக்கும். வீட்டுப் பானைத் தண்ணி ஜில்லுன்னு இருக்கிற அதே சங்கதி. குறை இல்லாமலும் இல்லை. சீக்கிரம் உடையும், வெளியே வெள்ளையா உப்புப் பூக்கும். வேற சட்டிதான் வேணும்னா அதுக்கும் சீனா வரைக்கும் போக வேண்டாம். புதுச்சேரியில ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-லேயே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கி, உயர் வெப்பத்துல சுடுற வித்தையை இங்கே ஊன்றிட்டாங்க.

இப்போ என் வண்டவாளம். ஆரம்பத்துல நானும் அந்த நண்பர் மாதிரிதான் பேசிக்கிட்டு இருந்தேன். எங்க வட்டாரத்துல மண்பாண்டம்னா தேன்பொத்தை. அங்கே ஒரு பெரியவர்கிட்ட ஜப்பான் படம் ஒண்ணைக் குடுத்து, பதினெட்டு இன்ச் நீளம், ரெண்டு இன்ச் ஆழம், செவ்வகமா செஞ்சு தாங்கன்னு கேட்டேன். மூணு செஞ்சார். ரெண்டு மூலையில வெடிச்சுது, ஒண்ணு அப்பளம் மாதிரி வளைஞ்சுது. "நம்ம ஆளுங்களுக்கு இது வராது"ன்னு அவர் காதுபடவே முணுமுணுத்தேன்.

"தம்பி, சுத்துற சக்கரத்துல மூலை எங்கிட்டு இருந்து வரும்? நீங்க கேட்டது சட்டி இல்ல, பொட்டி"ன்னார்.

அப்புறம் அவரே அகலமா ஒரு வட்டச் சட்டி வனைஞ்சார். கொஞ்சம் இறுகினதும் அடியில நடுவுல இலை மாதிரி ஒரு துண்டை வெட்டி எடுத்துட்டு, ரெண்டு பக்கத்தையும் அமுக்கிச் சேர்த்து, களிமண் குழம்பு தடவி ஒட்டினார். நீள்வட்டம் ரெடி! "தண்ணி உள்ள எங்கயும் நிக்கக் கூடாதுல்லா?"ன்னு அவரே கேட்டு, அடியை ஓட்டைப் பக்கம் லேசா சாய்ச்சார். காத்து போக மூணு கால் வச்சார். வேரைக் கம்பி போட்டுக் கட்டச் சின்ன ஓட்டை வேணும்னு மட்டும்தான் நான் சொன்னேன். குற்றாலத்துல சாரல் விழுந்தா நமக்குக் கொண்டாட்டம், அவருக்குச் சட்டி காயாது, சூளை எரியாது. ஈரச்சாக்கு போட்டு மூடி நிதானமாக் காயவச்சு, பத்துல ஒரு பங்கு சுருங்கும்னு கணக்குப் பார்த்துச் செஞ்சது அது. இவ்வளவுக்கும் மேல நான் என்ன செஞ்சேன் தெரியுமா? இருபது ரூவா குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினேன். அவரும் குறைச்சார். இன்னிக்கும் அந்தச் சட்டியைத் தொடும்போது உறுத்துது.

ஜப்பான்ல டோகோனாமேன்னு ஒரு ஊர். போன்சாய் சட்டிக்கு உலகப் பேர் வாங்கினது. அந்த ஊர்க்காரங்க அதுக்கு முன்னாடி பெரிய சாடியும் சாக்கடைக் குழாயும் செஞ்சவங்க! இன்னிக்கு அங்கே ஒவ்வொரு குயவரும் சட்டிக்கு அடியில தன் முத்திரையைக் குத்துறார். மரத்தைக் காட்டுறவன் சட்டி யார் கைவேலைன்னும் பெருமையாச் சொல்றான். நம்ம சித்தாறு போய்ச் சேர்ற தாமிரபரணிக் கரையில, ஆதிச்சநல்லூர்ல, ஆளையே உள்ளே வைக்கிற அளவுக்குத் தாழி செஞ்ச பரம்பரை நம்மது. கை இல்லாமப் போகலை மக்களே. கேக்கிறவனும் கூட உக்காந்து பேசுறவனும்தான் இல்லாமப் போயிட்டான். இம்போர்ட்டட் சட்டிக்கு ஆயிரக்கணக்குல பேசாமக் குடுக்கிறோம். இங்கே வந்தா மட்டும் நமக்கு இருபது ரூவா ஞாபகம் வருது.

போன வாரம் இன்னொரு சட்டி சொல்லப் போயிருந்தேன். "அடியில உங்க பேரை எழுதிக் குடுங்க"ன்னேன்.

"சட்டிக்கு அடியில யாரு தம்பி பாக்கப் போறா?"ன்னு சிரிச்சார்.

நான் பார்ப்பேன். அடுத்த தடவை வரும்போது அந்த நண்பரையும் கவுத்துப் பார்க்கச் சொல்லுவேன். சட்டியைத்தான், அவரை இல்லை :-)