அண்ணாமலை நகர் மேடை யாருக்கு?

சிதம்பரம் ரயிலடியில் இறங்கியவர்களுக்குத் தெரியும். தண்டவாளத்துக்கு மேற்கே ஊர். கிழக்கே பல்கலைக் கழகம். மேற்கே கோயிலும் கடைத்தெருவும் மூட்டை தூக்கும் தோழர்களும். கிழக்கே வகுப்பறைகளும் விடுதிகளும், ஆண்டுக்கு ஒருமுறை வண்ண விளக்குகளோடு நடக்கும் கலை விழாவும். விழாவின் பாட்டோசை தண்டவாளத்தைத் தாண்டி ஊருக்குள் வரும். ஊர் அந்தப் பக்கம் போவதுண்டா? அதைப் பற்றித்தான் இன்று நாம் எழுதுகிறோம்.

"கட்சிப் பத்திரிகையில் கலை விழாவைப் பற்றி எழுதுவானேன்? ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலை நிரந்தரமில்லை. விவசாயக் கூலிக்கு ஆண்டில் பாதி நாள் வேலையே இல்லை. மீனவனுக்கு டீசல் விலை கட்டவில்லை. இந்த நேரத்தில் ஆட்டமும் பாட்டுமா?" என்று தோழர்கள் கேட்கக் கூடும். கேள்வி நியாயமானது. ஆனால் அந்த மேடையில் ஆடுகிறவர்களும் பாடுகிறவர்களும் இன்று யார் வீட்டுப் பிள்ளைகள்? நெய்வேலிச் சுரங்கத்தில் மண் சுமந்தவரின் மகள். பரங்கிப்பேட்டைக் கடலில் வலை இழுத்தவரின் மகன். காட்டுமன்னார்கோயில் வயலில் நாற்று நட்டவரின் பிள்ளை. அவர்கள் அங்கே என்ன கற்கிறார்கள் என்பது நம் வீட்டுக் காரியம்.

அந்தப் பல்கலைக் கழகம் இன்று நம்முடைய சொத்து என்பதையும் மறக்கக் கூடாது. 1929 இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரால் தோன்றியது. அவர் 1920 இல் தொடங்கிய மீனாட்சிக் கல்லூரியே அதற்கு வித்து. நிர்வாகம் பணமுடையில் சிக்கியபோது 2013 இல் தனிச் சட்டம் இயற்றி அரசாங்கம் அதை ஏற்றது. ஏற்ற பிறகும் அங்குள்ள மருத்துவ மாணவர்களிடம் மற்ற அரசுக் கல்லூரிகளைப் போலப் பல மடங்கு கட்டணம் வாங்கப்பட்டது. 2020 கடைசியில் மாணவர்கள் கிளர்ந்தார்கள். வாரக் கணக்கில் உட்கார்ந்தார்கள். 2021 தொடக்கத்தில் அக்கல்லூரி சுகாதாரத் துறையின் கீழ் வந்தது, கட்டணமும் இறங்கியது. "அரசாங்கக் கல்லூரி என்றால் அரசாங்கக் கட்டணந்தானே?" என்று கேட்டார்கள், அவ்வளவுதான். கேட்கத் தெரிந்தது, கிடைத்தது.

கேட்கத் தெரிவது எங்கிருந்து வருகிறது? பாடப் புத்தகத்திலிருந்து கொஞ்சம் வரும். மேடையிலிருந்து நிறைய வரும். இதற்குச் சாட்சி வேறெங்கும் தேட வேண்டாம். அண்ணாமலை நகரின் சொந்த வரலாறே போதும்.

1941 இல் அங்கே தமிழிசை மாநாடு கூடியது. அன்றைய கச்சேரி மேடைகளின் நிலைமையை இன்றைய இளைஞர்கள் அறியமாட்டார்கள். மணிக் கணக்கில் தெலுங்குக் கீர்த்தனைகளும் சமஸ்கிருத கிருதிகளும் முழங்கும். தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக, சபையோர் எழுந்து போகும் நேரத்தில் வரும். "தமிழ்நாட்டில், தமிழர் காசு கொடுத்துக் கேட்கும் கச்சேரியில், தமிழ் ஏன் பந்திக்குப் பிந்த வேண்டும்?" என்று அந்த மாநாடு கேட்டது. கேள்வி எளிதுதான்; ஆனால் நாடு இரண்டாகப் பிரிந்தது. இசைக்கு மொழி இல்லை என்று ஒரு கூட்டம் வாதாடியது. சென்னை மியூசிக் அகாடமி எதிர்த்தது. கல்கியும் டி.கே.சி.யும் தமிழ்ப் பக்கம் நின்றார்கள். 1943 இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. ஒரு பல்கலைக் கழகத்தின் கலைக் கூட்டம் நாட்டின் சபாக்களையே உலுக்கியதென்றால், அங்கே கேட்கப்பட்ட கேள்வி ஆளை அசைக்கும் கேள்வியாக இருந்ததுதான் காரணம்.

அதற்கு ஆதரவாக நின்ற அண்ணாமலை செட்டியார் வங்கி முதலாளி. வெள்ளைக்காரனிடம் பட்டம் பெற்றவர். அவரோடு நமக்கு வேறு கணக்குகள் உண்டு. நல்லதை நல்லது என்று சொல்வதில் நமக்குக் கூச்சமில்லை. ஆயினும் ஒன்று கேட்போம்: அந்த இயக்கம் முத்துத் தாண்டவரையும் அருணாசலக் கவிராயரையும் மாரிமுத்தாப் பிள்ளையையும் மேடைக்குக் கொண்டு வந்தது சரி, தென்னார்க்காட்டுக் கிராமங்களில் இரவெல்லாம் ஆடிய தெருக்கூத்துக்கு எந்த மேடை கிடைத்தது? பறைக்கு என்ன மரியாதை கிடைத்தது? அந்தப் பாக்கி இன்னும் முழுதாகத் தீரவில்லை.

பேச்சு மேடையை எடுத்துக் கொள்வோம். நெடுஞ்செழியனும் அன்பழகனும் அங்கே படித்தவர்கள். பாலதண்டாயுதமும் உமாநாத்தும் அங்கே படித்தவர்கள். ஒருவர் கொடி மற்றவருக்கு ஆகாது. ஆனால் எல்லோரும் அதே வளாகத்தில் எதிராளியின் வாதத்தைக் காது கொடுத்துக் கேட்டு, மறுத்துப் பேசப் பழகியவர்கள். 1965 ஜனவரி 27 இல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் போலீஸ் துப்பாக்கிக்கு இரையான மாணவன் ராஜேந்திரனும் அதே அண்ணாமலை நகர்ப் பிள்ளைதான். அவன் சிலை அங்கே நிற்கிறது.

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். நாடெங்கும் பல்கலைக் கழகங்களுக்கிடையே இளைஞர் விழா நடக்கிறது. 1954 இல் டில்லியில் தொடங்கிய வழக்கம் அது. இன்றைய நிரலைப் பாருங்கள்: ஓரங்க நாடகம், குறுநாடகம், ஊமை நாடகம், சொற்போர், நாட்டுப்புற ஆட்டம், களிமண் உருவம், கேலிச்சித்திரம்! நல்ல நிரல்தான். குறை சொல்ல மாட்டோம். 2020 இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட தேசியக் கல்விக் கொள்கையும் படைப்பாற்றல் வேண்டும், ஆராய்ந்து சிந்திக்கும் பழக்கம் வேண்டும் என்று வாய் நிறையப் பேசுகிறது. ஜூலை மாதம் அந்தக் கொள்கை வந்தது. அதே ஆண்டு நவம்பரில் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகத்தில் என்ன நடந்தது? அருந்ததி ராய் எழுதிய நூலொன்று ஆங்கில எம்.ஏ. பாடத்தில் 2017 முதல் இருந்தது. ஏ.பி.வி.பி. என்ற மாணவர் அமைப்பு ஆட்சேபித்தது; நூல் நீக்கப்பட்டது. அந்த நூலின் கருத்தை ஏற்பதோ மறுப்பதோ வேறு விஷயம். எம்.ஏ. வகுப்பு மாணவன் படித்துவிட்டு மறுக்கக் கூடாதா? அவனுக்குப் பதிலாக ஆட்சேபித்தவர்களே சிந்தித்து முடித்துவிட்டார்கள்.

விழாவில் கேலிச்சித்திரத்துக்குப் பரிசு. வெளியே? நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்தபோது, அதிகாரிகளைச் சாடிப் படம் வரைந்த பாலா 2017 இல் கைது. மதுக்கடையை எதிர்த்துப் பாடிய கோவன் 2015 இல் கைது, அதுவும் ராஜத் துரோகக் குற்றச்சாட்டில்! பதினெட்டு வயதில் கோப்பை கொடுத்து வளர்த்த திறமையை இருபத்தைந்து வயதில் விலங்கு காட்டி அடக்குவதா கல்விக் கொள்கை?

நாடகத்தின் கதையோ இன்னும் பழையது. 1876 இல் வெள்ளைக்காரன் நாடகச் சட்டம் போட்டான். அவன் போன பிறகு நம்மவர்கள் 1954 இல் சென்னை ராஜ்யத்துக்கென்று ஒரு நாடகச் சட்டம் இயற்றினார்கள். எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்தே அது வந்தது என்று அன்று பேசாதவர் இல்லை. எழுதிய தாளை அதிகாரியிடம் காட்டு என்ற அந்தச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் உயிரோடு இருந்தது. நாடகக்காரர் ஞாநி வழக்குப் போட்டார். 2013 இல் சென்னை உயர்நீதி மன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது. சட்டம் செத்தது. வழக்கம் சாகவில்லை. கல்லூரி விழா என்றால் கதையை முன்னால் காட்டு, பாட்டை முன்னால் காட்டு, அரசியல் வேண்டாம், சாதிப் பேச்சு வேண்டாம் என்பது பல இடங்களில் எழுதாத விதி. சினிமாப் பாட்டுக்கு இடுப்பை வளைத்து ஆடுவதற்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. அதையும் நாம் வெறுக்கவில்லை. உழைத்துப் படிக்கிற பிள்ளைகள் ஆடட்டும். ஆடுவது மட்டுமே போதும் என்று நினைக்கிறவர்களோடுதான் நமக்கு வழக்கு.

உதாரணத்துக்கு நந்தன் கதையைப் பாருங்கள். நந்தன் யார்? ஆதனூர்ப் பண்ணையாள். இன்றைய கணக்கில் கடலூர் மாவட்டத்து விவசாயத் தொழிலாளி. சிதம்பரம் போகவேண்டும் என்று ஆசைப்பட்டான். பெரிய புராணத்தில் அவனைத் தடுக்கும் பண்ணை முதலாளி கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீர்த்தனை நாடகம் எழுதிய கோபாலகிருஷ்ண பாரதிதான் ஒரு நிலக்கார வேதியரைக் கதைக்குள் கொண்டு வந்தார். பக்திக் கதைக்குள் கூலி விவசாயியின் அடிமை வாழ்வு வந்து உட்கார்ந்துகொண்டது! முடிவு எல்லோருக்கும் தெரியும்: நந்தன் தீயில் இறங்குகிறான். இறங்கினானா, இறக்கப்பட்டானா? இந்திரா பார்த்தசாரதி 1978 இல் எழுதிய 'நந்தன் கதை' என்னும் நாடகம் இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. அதே சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் 1916 இல் பள்ளி தொடங்கி ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைப் படிக்க வைத்தார் சுவாமி சகஜானந்தர். கதைக்குப் பதில் கதையால் மட்டுமல்ல, பள்ளிக்கூடத்தாலும் சொல்லலாம் என்று காட்டியவர் அவர்.

இந்த நாடகத்தை அண்ணாமலை நகர் மாணவர்கள் ஆட, காட்டுமன்னார்கோயில் விவசாயக் கூலிகள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் எப்படி இருக்கும்? நாடகம் முடிந்ததும் ஒரு கிழவி எழுந்து, "தம்பி, நீ காட்டின மாதிரி நாங்க பேசமாட்டோம்; ஆண்டைகிட்ட பேசுறதே வேற" என்று திருத்தினால் எப்படி இருக்கும்? எந்தப் பேராசிரியரும் கொடுக்க முடியாத பாடம் அது. மாணவனுக்கும் பாடம், நமக்கும் பாடம்.

பட்டம் பெற்றவர்களுக்குத்தான் கலை என்று யாராவது சொன்னால் கடலூரைக் காட்டுவோம். திருப்பாதிரிப்புலியூரில் 1906 இல் பிறந்தார் புதுமைப்பித்தன். மஞ்சக்குப்பத்தில் 1934 இல் பிறந்தார் ஜெயகாந்தன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். கம்யூனிஸ்டுக் கட்சி அலுவலகமும் அச்சுக்கூடமுமே அவருக்குச் சர்வகலாசாலை. தோழர்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த அந்தப் பையனின் கதைகளை இன்று பல்கலைக் கழகங்கள் பாடமாக வைக்கின்றன. 2002 ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் அவருக்கு வந்தது. தண்டவாளத்துக்கு மேற்கேயிருந்து கிழக்கே போவதற்கும் சரக்கு உண்டு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆகவே நிர்வாகத்திடம் நாம் கேட்பது பெரிய விஷயமல்ல. அடுத்த கலை விழாவில் நாடகத் தாளை வாங்கித் திருத்தும் வேலையை அதிகாரிகள் விட்டுவிடட்டும். மாணவர்களும் அவர்களே தேர்ந்த ஆசிரியர்களும் பார்த்துக் கொள்வார்கள். விழாவில் ஒரு மாலையை ஊர் மக்களுக்கென்று ஒதுக்கி, வாயிற்கதவைத் திறந்து வைக்கட்டும். கூத்துக் கலைஞர்களையும் பறையிசைக் கலைஞர்களையும் வேடிக்கைக்காக அழைக்காமல், நடுவர்களாக உட்கார வைத்து முறையான சம்பளம் கொடுக்கட்டும்.

நம் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. நெய்வேலி, கடலூர் சிப்காட், முதுநகர்த் துறைமுகம் ஆகிய இடங்களின் சங்கச் செயலாளர்கள் பதிவாளருக்குக் கடிதம் எழுத வேண்டும். விழா நடக்கும் தேதியைக் கேட்க வேண்டும். நாடகத்தை மாலை ஆறு மணிக்கு வைக்கச் சொல்ல வேண்டும். காலை ஷிப்டு முடிந்து குளித்துவிட்டுப் புறப்பட்டால் அதற்குள் சிதம்பரம் வந்து சேரலாம். திரும்புவதற்கு இரவுப் பஸ் உண்டா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளுங்கள்.